ராஜபாளையம் நாய் நம்ம வீட்டுக்கு செட் ஆகுமா? குட்டி வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பால் வெள்ளை நிறம், ரோஸ் கலர் மூக்கு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். ராஜபாளையம் நாய் ஒன்று வரப்பில் பாய்ந்து ஓடும் வீடியோவைப் பார்த்தால், 'நம்ம வீட்டிலும் ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்' என்று யாருக்கும் தோன்றும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டுக் கோழி வரிசையில் நாட்டு நாய்கள் மீதும் தமிழ்நாட்டில் தனிப் பாசம் வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான்.

ஆனால் அந்தப் பாசத்தில் வாங்கிய குட்டி ஆறே மாதத்தில் இடுப்பு உயரம் நெருங்கி வளர்ந்து நிற்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. செருப்பைக் கடிக்கிறது, சுவரைத் தாண்டுகிறது, பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடிக்கிறது. கடைசியில் கேட் ஓரமாக 4 அடி சங்கிலியில் கட்டிப் போடப்படுகிறது. நாய் கெட்டுப்போய்விட்டது என்பார்கள். உண்மையில் அந்த நாய் எதற்காகப் பல தலைமுறையாக வளர்க்கப்பட்டதோ, அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

குட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது 'என்ன விலை?' என்பதைத்தான். அதற்கு முன்னால் வீட்டுக்குள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'தினமும் காலையும் மாலையும் இதோட ஓட நம்மகிட்ட நேரம் இருக்கா?' அடுத்த 10 ஆண்டுகளுக்கும் மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏன் என்று விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த ராஜபாளையம்?

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ராஜபாளையம் ஊரின் பெயரைத் தாங்கிய நாய் இது. பாளையக்காரர்கள் காலத்தோடு தொடர்புபடுத்தி இதை ஆங்கிலேயர்கள் 'பாலிகர் ஹவுண்ட்' என்று அழைத்தார்கள். பாளையக்காரர் போர்களில் ஆங்கிலேயப் படை மீது இந்த நாய்கள் ஏவப்பட்டதாக வாய்வழிக் கதைகள் தென் மாவட்டங்களில் இன்றும் உலவுகின்றன.

நன்கு வளர்ந்த நாய் தோள்பட்டை வரை சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். மடிந்து தொங்கும் காது, ஆழமான மார்பு, குட்டை முடி. வெள்ளை நிறமும் ரோஸ் மூக்கும்தான் இதன் அடையாளம் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த நிறத்துக்குப் பின்னால் ஒரு பிரச்னையும் இருக்கிறது, அதைப் பின்னால் பார்ப்போம்.

2005-ம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்காக 4 தபால்தலைகளை வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம் நாய்க்கு. 2020 ஆகஸ்ட் 30 அன்று ஒலிபரப்பான 'மன் கி பாத்' நிகழ்ச்சியில் பிரதமர் மோடி ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களின் பெயரைச் சொல்லிப் பேசினார். தேசிய விலங்கின மரபணு வளப் பணியகத்தின் பதிவுப் பட்டியலில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகாவின் முதோல் ஆகிய நாய் இனங்கள் இடம்பெற்றுள்ளன. அதாவது ஊர்ப் பெருமையாக மட்டும் இருந்த நாய்க்கு இப்போது அதிகாரபூர்வ அடையாளமும் கிடைத்திருக்கிறது.

வேட்டை, காவல் ரெண்டும் ஒரே நாயா?

ஆமாம், இதுதான் ராஜபாளையத்தின் சிறப்பு. தமிழ்நாட்டின் நாட்டு நாய்கள் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லியான, காற்றைக் கிழித்து ஓடுகிற நாய்கள். தூரத்தில் அசையும் இரையைக் கண்ணால் பார்த்து, துரத்திப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. முயல் வேட்டைக்குப் பேர் போனவை. தேனி மாவட்டக் கோம்பை நாய் கட்டை உடம்பு, கருத்த முகம், அழுத்தமான காவல் குணம் கொண்டது.

ராஜபாளையம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காட்டுப்பன்றி போன்ற பெரிய விலங்கை எதிர்த்து நிற்கும் உடம்பு, விரட்டி ஓடும் வேகம், இரவில் தோட்டத்தையும் வீட்டையும் காக்கும் எச்சரிக்கை என மூன்றும் சேர்ந்தது. பகலில் வேட்டைக்குப் போன நாய் ராத்திரியில் களத்து மேட்டில் காவலுக்குப் படுத்துக்கொள்ளும்.

இன்று வேட்டை இல்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு முயலையோ பன்றியையோ நாயை விட்டுப் பிடிப்பதும் வேட்டைதான், குற்றம்தான். களத்து மேடுகளும் குறைந்துவிட்டன. வேலை போய்விட்டது. ஆனால் அந்த வேலைக்கான உடம்பும் மூளையும் நாயிடம் அப்படியே இருக்கிறது. இந்த இனத்தை வீட்டில் வைத்து வளர்ப்பதில் உள்ள மொத்த சவாலும் இதுதான்.

வேட்டைக் குணம் வீட்டுக்குள்ள எப்படி வெளிப்படும்?

வேட்டை நாய் என்றால் எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நன்றாக ஓடி ஆடிய ராஜபாளையம் நாய் வீட்டுக்குள் மூலையில் சுருண்டு தூங்கும். வீட்டு ஆட்களோடு ஒட்டிக்கொள்ளும். அதிலும் ஒருவரைத் தன் ஆளாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் அவர் வேலைக்குப் போய்த் திரும்பும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில். வேகமாக அசைகிற எதுவும் இதன் கண்ணுக்கு இரை மாதிரிதான். குறுக்கே ஓடும் பூனை, கோழி, ஆட்டுக்குட்டி, அணில், சில நேரங்களில் சைக்கிள், ஸ்கூட்டர். துரத்த ஆரம்பித்த பிறகு நீங்கள் எவ்வளவு கத்திக் கூப்பிட்டாலும் அதன் காதில் ஏறாது. கீழ்ப்படியாமை என்று இதைச் சொல்ல முடியாது. வேட்டையில் எஜமானரை விட்டுத் தூரம் போய்த் தானே முடிவெடுக்க வேண்டிய நாய் இது. அப்படி முடிவெடுத்த நாய்களைத்தான் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள்.

அடுத்தது, அந்நியர் மீதான சந்தேகம். லாப்ரடார் மாதிரி வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் வாலாட்டாது. கேஸ் சிலிண்டர் போட வருபவர், பார்சல் கொண்டு வருபவர், பால்காரர் என எல்லோரையும் அளந்து பார்க்கும். சின்ன வயதில் மனிதர்களைப் பழக்காமல் விட்டால், இந்தச் சந்தேகம் கடியாக மாறும் வாய்ப்பு இருக்கிறது.

இதற்கான பொன்னான காலம் குட்டியின் 3-வது வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய 14-வது வாரம் வரை. இந்த நாட்களில் குட்டி பார்க்கும் மனிதர்கள், கேட்கும் சத்தங்கள், போகும் இடங்கள் எல்லாம் அதற்கு 'சாதாரணம்' என்று பதிந்துவிடும். தடுப்பூசி முடியாததால் தெருவில் இறக்கிவிடத் தயக்கம் இருக்கும், அது சரிதான். அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்க வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட் பக்கம் போய் வரலாம். குடை, ஹெல்மெட், மிக்ஸி சத்தம், யூனிஃபார்ம் போட்ட ஆட்கள் என்று எல்லாவற்றையும் காட்டலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தேவை?

தெருமுனை வரை போய் ஒன்றுக்கு விட்டுத் திரும்பும் 10 நிமிட நடை இந்த நாய்க்குப் போதவே போதாது. வளர்ந்த, ஆரோக்கியமான ராஜபாளையத்துக்குக் காலையும் மாலையும் சேர்த்து ஒன்றரை மணி நேரமாவது வெளியே வேலை இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி வேகமான நடை அல்லது ஓட்டமாக இருப்பது நல்லது.

குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வளரும் எலும்பும் மூட்டும் உறுதியாகும் வரை, அதாவது சுமார் ஒன்றேகால் வயது வரை, பைக் பின்னால் ஓட விடுவது, மாடிப்படியில் ஏற்றி இறக்குவது, உயரத்தில் இருந்து குதிக்க வைப்பது எல்லாம் வேண்டாம். சின்னச் சின்ன நடையும், அது இஷ்டத்துக்கு விளையாடுவதும் போதும். சொல்லப்போனால் பைக்கில் கட்டி இழுத்து ஓட வைப்பது எந்த வயதிலும் ஆபத்துதான்.

உடம்புக்கு மட்டும் வேலை கொடுத்தால் பத்தாது, மூக்குக்கும் மூளைக்கும் வேலை வேண்டும். இதற்குச் செலவே இல்லாத வழிகள் இருக்கு:

• சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல், கொஞ்சம் உலர் உணவைத் தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ தூவிவிட்டு மோப்பம் பிடித்துத் தேட விடுங்கள்.

• வீட்டில் ஒருவர் ஒளிந்துகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட, நாய் தேடி வரட்டும். வந்ததும் ஒரு துண்டு சிக்கன். துரத்தும் குணம் உள்ள நாய்க்குக் 'கூப்பிட்டா வரணும்' என்று பழக்க இதைவிட நல்ல விளையாட்டு இல்லை.

• பழைய துணியை நீளக் கயிறில் கட்டித் தரையில் இழுத்து ஓடுங்கள். துரத்திப் பிடிக்கட்டும். நீங்கள் 'விடு' என்றால் விட வேண்டும் என்பதையும் இதிலேயே கற்றுக்கொடுக்கலாம்.

• திறந்த வெளியில் 10 மீட்டர் நீளக் கயிறை ஹார்னஸில் மாட்டி ஓட விடுங்கள். நான்கு பக்கமும் வேலி இல்லாத இடத்தில் கயிறு இல்லாமல் விடவே கூடாது.

துரத்த வேண்டும் என்ற ஆசையை அடித்து அடக்க முடியாது. அதற்கு ஆபத்தில்லாத ஒரு வடிகால் கொடுத்தால், பக்கத்து வீட்டுக் கோழி பிழைத்துக்கொள்ளும்.

சங்கிலியில் கட்டிப் போடுவது தப்பா?

கேட்டைத் திறக்கும்போது சிறிது நேரம் கட்டுவது வேறு, காலையில் கட்டி ராத்திரி அவிழ்ப்பது வேறு. நாள் முழுக்கக் கட்டப்பட்ட வேட்டை நாய் தன் முன்னால் போகிற எல்லாவற்றையும் பார்க்கும், எதையும் எட்ட முடியாது. அந்த எரிச்சல் நாளாக நாளாக ஆக்ரோஷமாக மாறும். 'காவலுக்கு வெறி ஏறட்டும்' என்று கட்டி வைப்பவர்கள் உருவாக்குவது காவல் நாயை அல்ல, அறுத்துக்கொண்டு வந்தால் யாரைக் கடிக்கும் என்று தெரியாத ஒரு நாயை.

இதில் சட்டமும் இருக்கிறது. 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டி வைப்பதை வதை என்கிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்கு உரிய உடற்பயிற்சி தராமல் விடுவதும் அதே பிரிவில் குற்றம்தான். காரணமில்லாமல் நாயைக் கைவிடுவதும் அப்படியே. முதல் முறைக் குற்றத்துக்கு அந்தச் சட்டத்தில் எழுதப்பட்ட அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. அபராதம் சின்னதுதான், ஆனால் 60 ஆண்டுகளுக்கு முன்பே 'நாய்க்கு நடை வேண்டும்' என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அப்போ ஃப்ளாட்ல வளர்க்கவே முடியாதா?

முடியும், ஆனால் கஷ்டம். குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கவே கூடாது என்று தடை போட முடியாது என்பதை இந்திய விலங்குகள் நல வாரியம் தன் வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அனுமதி இருப்பது ஒன்று, நாய் நிம்மதியாக இருப்பது வேறொன்று.

இரண்டு பேரும் காலை 8 மணிக்கு வேலைக்குப் போய் இரவு 8 மணிக்குத் திரும்பும் வீடு, நான்காவது மாடி, பக்கத்தில் மைதானம் கிடையாது என்றால் ராஜபாளையம் வேண்டாம். மாறாக, சின்ன வீடாக இருந்தாலும் யாராவது ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார், விடிகாலையில் ஓடும் பழக்கம் உள்ளவர், அருகில் திறந்த வெளி உண்டு என்றால் வளர்க்கலாம். அரை ஏக்கர் தோட்டம் இருந்தும் ஆள் எட்டிப் பார்க்காத வீட்டைவிட அந்தச் சின்ன வீடு மேல். பால்கனி கைப்பிடியின் உயரத்தை மட்டும் கட்டாயம் பாருங்கள், இந்த நாய் நன்றாகத் தாண்டும். தனி வீடு என்றாலும் காம்பவுண்ட் சுவர் குறைந்தது 6 அடி இருப்பது நல்லது.

குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு ஓகேவா?

வீட்டுக் குழந்தையோடு சேர்ந்து வளர்ந்த ராஜபாளையம் நாய் அந்தக் குழந்தையிடம் பொறுமையாக இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். ஆனால் விளையாட வரும் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அதற்கு 'நம்ம ஆள்' கிடையாது. கத்திக்கொண்டு ஓடும் சிறுவர் கூட்டம் துரத்தும் குணத்தைத் தூண்டிவிடும்.

அதனால் இரண்டு மூன்று விதிகளை வீட்டில் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டும். 10 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் தனியே விடக் கூடாது. நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் யாரும் தொடக் கூடாது. நாய் ஒதுங்கிப் போய்ப் படுக்க ஓர் இடம் வேண்டும், அங்கே குழந்தைகள் போகக் கூடாது. நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது 'எனக்குப் பிடிக்கல, தள்ளிப் போ' என்ற எச்சரிக்கை. அடித்து அந்த உறுமலை நிறுத்திவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி மட்டும் வரும்.

கயிறைப் பிடிக்கும் வேலையைச் சிறுவர்களிடமோ தாத்தா பாட்டியிடமோ கொடுக்க வேண்டாம். எதிரே பூனை ஓடினால் நாய் இழுக்கிற வேகத்தில் விழுந்து அடிபடுவது அவர்கள்தான். வீட்டில் ஏற்கெனவே பூனை, கோழி, முயல் இருந்தால் குட்டியாக இருக்கும்போதே பழக்கினாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. நீங்கள் வெளியே போகும்போது தனித்தனியாக அடைத்துவிட்டுப் போவதே பாதுகாப்பு.

கூப்பிட்டா திரும்பல... காது கேட்கலையா?

இங்கேதான் அந்த வெள்ளை நிறத்தின் கதை வருகிறது. உள்காதில் ஒலியை உணரும் செல்கள் உயிரோடு இருக்க, நிறமி செல்களின் துணை தேவை. உடல் முழுக்க வெள்ளையாகப் பிறக்கும் சில நாய்களில் உள்காதில் அந்த நிறமி செல்கள் இருப்பதில்லை. விளைவு, பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்து, ஒரு காதோ இரண்டு காதுகளுமோ கேட்காமல் போகும். டால்மேஷியன் நாய்களில் இருக்கும் அதே பிரச்னைதான். ராஜபாளையம் நாய்களிலும் இது காணப்படுகிறது.

'சுத்த வெள்ளைதான் ஒரிஜினல்' என்று எல்லோரும் கேட்பதால், நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்த்து வெள்ளைக் குட்டிகளை எடுக்கும் பழக்கம் பிரச்னையை இன்னும் பெரிதாக்குகிறது. வாங்கும்போது ஒரு எளிய சோதனை செய்யலாம். குட்டி தனியாக வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, அதன் கண்ணில் படாமல், காற்றோ தரை அதிர்வோ தெரியாத தூரத்தில் நின்று கை தட்டுங்கள், சாவிக்கொத்தை ஆட்டுங்கள். கூட்டத்தில் இருக்கும்போது சோதித்தால் மற்ற குட்டிகளைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும், உங்களுக்குத் தெரியாது.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. காதில் ஒலியைச் செலுத்தி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் 'பேயர்' பரிசோதனைதான் அதற்கு வழி. காது கேட்காத நாயையும் கை சைகையால் அழகாகப் பழக்கலாம். ஆனால் அதைக் கயிறில்லாமல் வெளியே விட முடியாது, தூங்கும்போது திடீரென்று தொட்டால் பயந்து கடித்துவிடக் கூடும். தெரிந்து வளர்ப்பது வேறு, தெரியாமல் 'சொன்ன பேச்சு கேட்கல' என்று அடிப்பது வேறு.

வெயில் தாங்கும், எதையும் சாப்பிடும்... உண்மையா?

வெளிநாட்டு சடை நாய்களோடு ஒப்பிட்டால் நம்ம ஊர் வெயிலை இது நன்றாகவே தாங்கும். அதற்காக மே மாத மதியத்தில் மொட்டை மாடியில் கட்டலாம் என்று அர்த்தம் இல்லை. வெள்ளை முடிக்குக் கீழே இருக்கும் ரோஸ் நிறத் தோலும் மூக்கும் வெயிலில் எளிதில் பொசுங்கும். உங்கள் புறங்கையைத் தார் ரோட்டில் 7 நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அந்தச் சூடு ஆகாது.

'கூழும் சோறும் தின்னு வளர்ந்த நாய்தானே' என்று பால் சோறு மட்டுமே போட்டு வளர்ப்பவர்கள் உண்டு. வேகமாக வளரும் குட்டிக்குப் புரதம் கட்டாயம் வேண்டும். வேகவைத்த சிக்கன், முட்டை, மீன், ஈரல் என மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். மிச்சமான குழம்பு சோறு வேண்டாம், அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு மூன்றும் கூடவே கூடாது.

ஆழமான மார்பு கொண்ட நாய்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. வயிறு காற்றால் உப்பி அப்படியே முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராது, வயிறு கல் மாதிரி ஆகும், நாய் நிலைகொள்ளாமல் தவிக்கும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். தினசரி உணவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், சாப்பிட்டதும் ஓட விடாமல் இருப்பதும் ஆபத்தைக் குறைக்கும்.

நாட்டு நாய்க்கு நோயே வராது என்பதும் தவறு. உண்ணிக் காய்ச்சல், பார்வோ, டிஸ்டெம்பர் எல்லாம் இதற்கும் வரும். குட்டை வெள்ளை முடி என்பதால் உண்ணியைக் கண்ணால் பார்ப்பது சுலபம். தினமும் காது மடல், கழுத்து, கால் விரல் இடுக்குகளைத் தடவிப் பாருங்கள்.

தடுப்பூசி, உரிமம்: எதை மறக்கக் கூடாது?

6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகளைத் தொடங்க வேண்டும். சுமார் 3 மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி, அதன் பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் பூஸ்டர். அறிகுறி வந்த பிறகு ரேபிஸுக்குச் சிகிச்சை இல்லை. அதனால் நம்ம வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்றாலும், கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சென்னை மாநகராட்சிப் பகுதியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் உள்ளாட்சியில் விசாரித்துக்கொள்ளுங்கள். நாயால் மற்றவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கப்படலாம்.

குட்டி வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. '30 நாள் குட்டி, நாளைக்கே பஸ்ல ஏத்தி விடுறேன்' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நேரில் போய்த் தாய் நாயைப் பாருங்கள். அது அந்நியரைப் பார்த்துப் பயந்து ஒடுங்குகிறதா, வெறியோடு பாய்கிறதா, எச்சரிக்கையாக நின்று பிறகு சமாதானம் ஆகிறதா? மூன்றாவதுதான் நீங்கள் தேடுவது. தாயும் தந்தையும் நெருங்கிய ரத்த சொந்தமா என்று கேளுங்கள். முந்தைய ஈத்தில் காது கேட்காத குட்டி பிறந்ததா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுபவரிடம் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிட்டோம், சமாளிக்க முடியலையே?

முதலில் மூன்று வாரம் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். காலையில் 45 நிமிடம், மாலையில் 45 நிமிடம், சாப்பாட்டுக்கு முன் 10 நிமிட மோப்ப விளையாட்டு. கடித்துக் குதறுவது, குரைப்பது, சுவர் தாண்டுவது போன்ற தொல்லைகளில் பல இதிலேயே கணிசமாகக் குறையும். குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டி வலியோ காது பிரச்னையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு, அடிக்காமல் பரிசு கொடுத்துப் பழக்கும் பயிற்சியாளரின் உதவியை நாடலாம்.

எதுவுமே சரிவரவில்லை என்றால், இடமும் நேரமும் உள்ள குடும்பத்தைத் தேடிக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஹைவே ஓரத்தில் இறக்கிவிட்டு வருவதுதான் குற்றம். வேட்டைக்கோ, வருடம் முழுக்கக் குட்டி எடுக்கவோ கேட்பவர்களுக்கும் கொடுக்காதீர்கள். கருத்தடை செய்துவிட்டுக் கொடுத்தால் அந்த ஆபத்து குறையும்.

சரி, யாருக்கு இந்த நாய் செட் ஆகும்?

தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு, உயரமான சுற்றுச்சுவர் உள்ளவருக்கு, பூனை கோழி தொல்லை இல்லாத வீட்டுக்கு, நாயை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு ராஜபாளையம் அருமையான தோழன். வாசலில் கட்டி வைக்க ஒரு நாய் வேண்டும், பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அழகாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது சரியான தேர்வு அல்ல.

நாட்டு நாய்தான் வேண்டும், ஆனால் அவ்வளவு நேரம் இல்லை என்பவர்களுக்கு நம்ம தெருவிலேயே பதில் இருக்கிறது. தத்தெடுக்கக் காத்திருக்கும் தெரு நாய்க் குட்டிகளும் இந்த மண்ணின் நாய்தான். அவற்றுக்கும் நடையும் கவனிப்பும் வேண்டும், ஆனால் பொதுவாக வேட்டை நாய் அளவுக்கு ஓட்டம் கேட்காது, விலையும் கிடையாது.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். குட்டி வாங்க நினைக்கும் நாளுக்கு முந்தைய ஒரு மாதம், மழையோ லீவு நாளோ, தினமும் காலை 45 நிமிடம், மாலை 45 நிமிடம் நாய் இல்லாமலேயே நடந்து பாருங்கள். 30 நாளும் விடாமல் நடந்திருந்தால், தைரியமாகக் குட்டியைப் பார்க்கக் கிளம்பலாம்.